பணியாரம் ஒவ்வொன்றாகத்தான் வரும்

கேள்வி: நாங்கள் மூவர் ஒரே வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர்கள். சென்ற ஆண்டு மனைவியருடன் ஆறு பேராகக் கும்பகோணம் சென்று, நவகிரகக் கோயில்கள் ஒன்பதையும் இரண்டே நாளில் பார்த்து முடித்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி வரை சாப்பாடு கிடைக்காததால், சர்க்கரை நோய் உள்ள என் மனைவிக்கு மயக்கம் வந்துவிட்டது. அதையொட்டி எழுந்த வாக்குவாதத்தில், திரும்பும் வழி முழுவதும் வேனில் யாரும் யாரோடும் பேசவில்லை. இந்த மார்கழியில் நான்கு நாள் செட்டிநாட்டுப் பக்கம் போகலாம் என்று மறுபடியும் கிளம்பியிருக்கிறோம். நண்பர் ஒருவர் பதினான்கு இடங்கள் கொண்ட பட்டியலைத் தயாரித்துவிட்டார். இன்னொருவர், “சாப்பிடத்தானே போகிறோம், எதற்குப் பட்டியல்?” என்கிறார். ஆனால் அவரும் அவர் மனைவியும் சைவம். தேவகோட்டையில் எங்களோடு பணியாற்றிய நகரத்தார் நண்பரோ, நான்கு நாளும் தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். பயணத்தை எப்படி அமைப்பது, செலவை எப்படிப் பகிர்வது என்று கூறுங்கள்.
— ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், ஈரோடு

பதில்: கும்பகோணத்தில் உங்களுக்குள் நடந்த சண்டை கோயில்களைப் பற்றியது அல்ல, ஐயா, பசியைப் பற்றியது. அறுபதைக் கடந்த ஆறு பேர், அவர்களில் ஒருவர் வேளைக்கு மாத்திரை எடுப்பவர், பிற்பகல் மூன்று மணி வரை வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்தால், உலகத்தில் எந்த நட்பும் கொஞ்சம் ஆட்டம் காணத்தான் செய்யும். ஆகவே இம்முறை இடங்களை எழுதிவிட்டு இடையில் சாப்பாட்டைச் செருகாதீர்கள். முதலில் நான்கு நாளுக்குமான சாப்பாட்டு வேளைகளை எழுதுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்பது முடிவான பிறகு, அந்த வேளைகளுக்கு அருகில் எந்த ஊர் இருக்கிறதோ அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினான்கு தானாகவே ஐந்தாறாகக் குறைந்துவிடும்.

இது எங்கள் பக்கத்து ஊர்களின் இயல்புக்கும் பொருந்தி வரும். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கின்றன. தெருக்களும் அந்நேரத்தில் ஆளரவமின்றிக் கிடக்கும். அந்த நான்கு மணி நேரத்தை வீணான நேரமாகக் கருதுகிறவர்கள்தாம் வேனில் அலைந்து சண்டை போடுகிறார்கள். அது உண்பதற்கும், உண்டபின் ஒரு மணி நேரம் கண்ணயர்வதற்கும் ஏற்பட்ட நேரம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மெஸ்களில் பன்னிரண்டரைக்கே போய் அமர்ந்துவிடுவது நல்லது. காரைக்குடியில் ஒரு மெஸ்ஸுக்கு வெளியூர் விருந்தினரை அழைத்துக்கொண்டு ஒருமுறை இரண்டே முக்காலுக்குப் போய், “சாப்பாடு முடிஞ்சிருச்சுங்க, ரசம் மட்டும் இருக்கு” என்ற பதிலைக் கேட்டு, அந்த ரசச் சோற்றைக் குனிந்த தலை நிமிராமல் உண்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 240 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டாம். வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால், ஒரு மணிக்குள் புதுக்கோட்டையில் இலை முன் அமரலாம். பிறகு வெயில் தாழ்ந்ததும் திருமயம். ஒரே குன்றின் சரிவில் பெருமாளுக்கும் சிவனுக்கும் தனித்தனியே குடைந்த கோயில்களை அங்கே அருகருகே பார்க்கலாம். பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தை ஒரே பார்வையில் அளக்க முடியாது. கோட்டைக்கு மேலே ஏற விரும்புகிறவர்கள் ஏறட்டும், முழங்கால் வலிக்கிறவர்கள் கீழே உட்காரட்டும். அங்கிருந்து காரைக்குடி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முதல் நாளுக்கு இது போதும்.

பிள்ளையார்பட்டியையும் குன்றக்குடியையும் இரண்டாம் நாள் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம். இரண்டும் காரைக்குடிக்குப் பக்கம், இரண்டையும் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தபடி நடக்கலாம். பெரிய வீடுகளில் புழங்கிய பித்தளை அண்டாக்கள், எனாமல் தூக்குகள், பர்மாத் தேக்குக் கதவின் துண்டுகள் எல்லாம் அங்கே வாசலிலேயே அடுக்கிக் கிடக்கும். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் சேர்த்த சீர்வரிசை இப்படிச் சந்திக்கு வந்திருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் போகாமல் இருப்பதில்லை.

மூன்றாம் நாளை ஆத்தங்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்று, ஒரே ஒரு கல் உருவாவதை முழுமையாகப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தி, நிறம் சேர்த்துக் குழைத்த சிமெண்டை அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை மெல்ல உயர்த்தி எடுத்ததும், சிவப்பு பச்சையோடு கலக்காமல், பச்சை மஞ்சளோடு கலக்காமல் அப்படியே நிற்கும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக்கலவையால் மூடிச் சமப்படுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். சூளையே கிடையாது; அந்த மினுமினுப்பு கண்ணாடியின் வழவழப்பிலிருந்து வருவது. பட்டியல் போட்ட உங்கள் நண்பரை இங்கே நிறுத்திவையுங்கள். கவனமாகப் பார்க்கிறவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் கல் வாங்க ஆசைப்பட்டால் லாரியில் அனுப்பச் சொல்லுங்கள். ஆறு பேர் ஏறிய வேனில் அந்தப் பாரம் தாங்காது.

கானாடுகாத்தானில் எல்லா வீடுகளையும் உள்ளே சென்று பார்க்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். ஒரு வீடு பல பங்காளிகளுக்குச் சொந்தமாக இருக்கும். அவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். திருமணத்துக்கும் சடங்குகளுக்கும்தான் பல கதவுகள் திறக்கின்றன. பார்வைக்குத் திறந்திருக்கும் வீடு ஒன்றில், முகப்பிலிருந்து வளவு என்னும் நடுமுற்றம், வளவிலிருந்து இரண்டாங்கட்டு, அதைத் தாண்டி அடுப்படி என்று முன் தெருவில் நுழைந்து பின் தெரு வரை ஒருமுறை பொறுமையாக நடந்தால் போதும். மற்றவற்றைத் தெருவில் நின்று பார்த்தாலே கண் நிறைந்துவிடும்.

சைவ நண்பருக்கு ஒரு வார்த்தை. “செட்டிநாடு” என்று பலகை மாட்டிய கடைகள் மாநிலம் முழுவதும் மிளகாய்ச் சிவப்பில் எதையோ பரிமாறி, அதுதான் எங்கள் சமையல் என்று நம்ப வைத்துவிட்டன. இங்கே வீடுகளில் உண்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுட்ட கத்தரிக்காய்க் கோசமல்லி, அரிசி கழுவிய மண்டியில் புளி சேர்த்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி, வேளைக்கொரு துவையல் என்று கறி இல்லாமலேயே இலை நிறைந்துவிடும். கோழியும் நண்டும் உண்கிறவர்கள் உண்ணட்டும். ஆனால் ஆறு பேருக்கும் ஏற்ற இடமாகத் தேடி அலையாமல், நான்கு நாளில் ஒரு மதியமாவது இரு பிரிவாகப் பிரிந்து உண்டு, நான்கு மணிக் காப்பிக்குச் சேர்ந்துகொள்ளுங்கள். பிரிந்து உண்பதைப் பிணக்கு என்று எண்ண வேண்டியதில்லை.

உங்கள் மனைவியின் மாத்திரை, ஊசி அளவுகளைப் பயணத்துக்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் எப்போதும் சிறிது பிஸ்கட்டும் சர்க்கரையும் இருக்கட்டும். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது பரிவோடு ஒரு கிண்ணம் நீட்டுவார்கள். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்து பழகிய அருமையான அரிசிதான். ஆனால் இங்கே அதைச் சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்த்தல்லவா கிளறுகிறார்கள்! ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் கடினமான பகுதிக்கு வருகிறேன். தேவகோட்டை நண்பர் வீட்டில் நான்கு நாளும் தங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெரிய வீட்டில் அவருடைய பங்குக்கு உள்ளவை ஒன்றிரண்டு அறைகளாக இருக்கலாம், அங்கே இருப்பவர்களும் உங்கள் வயதுடைய இருவராக இருக்கலாம். ஆறு பேருக்கு வெந்நீர், காலைப் பலகாரம், மூன்று வேளைக் காப்பி என்று நான்கு நாள் அடுப்படியிலேயே நிற்கப் போகிறவர் நண்பர் அல்லர், அவர் வீட்டு ஆச்சி. “இரவில் தூங்குவது மட்டும் காரைக்குடியில், நான்காம் நாள் முழுவதும் உங்கள் வீட்டில், மறுநாள் காலையில்தான் ஊருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். நான்கு நாள் என்பது ஓர் இரவு கூடினால் கூடட்டும். அதற்கு முந்தைய மூன்று நாளும் முடிந்தபோதெல்லாம் அவரும் ஆச்சியும் உங்கள் வேனில் உங்களோடு வரட்டும். பதினெட்டு, இருபது கிலோமீட்டர் போய் அழைத்து வருவது ஒரு பெரிய காரியம் அல்ல. எத்தனையோ ஆண்டுகளாகப் பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் ஆத்தங்குடிப் பட்டறைக்குள் போகாமலேயே இருந்திருக்கக்கூடும்.

தேதியை உறுதி செய்யுமுன் பிள்ளையார் நோன்பு என்றைக்கு என்று அவரிடம் கேளுங்கள். கார்த்திகைத் திருநாளிலிருந்து 21 நாள், நாளுக்கொரு நூலாகப் புது வேட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்துத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு அது. ‘இழை எடுத்துக்கொள்வது’ என்பார்கள். உறவுகள் கூடும் அந்த இரவில் அவர் உங்களை அழைத்தால் தயங்காமல் போங்கள். அழைக்காவிட்டால் அந்த நாளை அவருக்கு விட்டுவிடுங்கள்.

அவர் வீட்டில் என்ன செய்யட்டும் என்று கேட்டால், மாலைப் பலகாரமாக வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். படியில் பச்சரிசியை நிரப்பி, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு உளுந்தைக் குவிப்பதுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் போல அரைத்து, உப்போடு சிறிது பாலும் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால், மாவு அடியில் போய்ச் சற்று நின்று, பிறகு தானே மேலெழுந்து, ஓரம் சுருங்கி நடு உப்பி வரும். திருப்பிப் போட்டு, சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும். வெள்ளையாக இல்லாவிட்டால் ஆச்சி அதைத் தட்டில் வைக்கவே சம்மதிக்க மாட்டார். இரண்டை ஒன்றாகப் போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றாகத்தான் வரும். முதல் பணியாரம் வரமிளகாய்த் துவையலோடு ஒருவருக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டாவது வருவதற்குள் ஒரு பழைய மேலாளரின் கதை முடிந்திருக்கும். ஆறு பேருக்கும் இரண்டாம் சுற்று வருவதற்குள் கும்பகோணத்தைப் பற்றிக்கூடச் சிரித்துக்கொண்டே பேசிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இடையில் ஒருவர் அடுப்படிக்குப் போய், “ஆச்சி, கொஞ்சம் உட்காருங்கள், நான் ஊற்றுகிறேன்” என்று கேட்க வேண்டும். விடமாட்டார், ஆனாலும் கேட்க வேண்டும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஈரோட்டு மஞ்சளும், ஒரு பவானி ஜமக்காளமும் எடுத்துச் செல்லுங்கள். வளவில் பந்தி விரிக்கும் வீட்டுக்கு ஜமக்காளத்தைவிடப் பயன்படும் பொருள் இல்லை. இனிப்புப் பெட்டி வேண்டாம். அந்த வீட்டில் உங்களுக்காகவே மாவுருண்டையும் மணகோலமும் டப்பாவில் காத்திருக்கும்.

செலவைப் பற்றி: மூன்று தம்பதியரும் புறப்படும் நாளிலேயே சம தொகையை ஒரு பையில் போட்டுவிடுங்கள். வேன், அறை, சாப்பாடு, காப்பி எல்லாம் அந்தப் பையிலிருந்து போகட்டும்; கண்டாங்கிச் சேலையும் பழம்பொருளும் அவரவர் பணத்தில். யார் கோழி தின்றார், யார் தயிர்ச் சோறு தின்றார் என்று வங்கிக்காரர்கள் மூவர் சேர்ந்து பைசா வரை கணக்குப் பார்க்கத் தொடங்கினால், கும்பகோணமே தேவலை என்றாகிவிடும். பையைப் பட்டியல் நண்பரிடம் கொடுங்கள். மெஸ்ஸுக்கு முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவைப்பதும், பன்னிரண்டே காலுக்கு எல்லோரையும் வேனில் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. பதினான்கு இடங்களை நிமிடக் கணக்கில் அடுக்கத் தெரிந்தவருக்கு அந்தத் திறமையைக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

வேன் ஓட்டுநரை மறந்துவிடாதீர்கள். நீங்கள் உண்ணும் நேரத்தில் அவரும் உண்ண வேண்டும், நீங்கள் கண்ணயரும் நேரத்தில் அவருக்கும் படுக்க ஒரு நிழல் வேண்டும், இரவில் வேனுக்குள் அல்லாமல் ஓர் அறையில் அவர் தூங்க வேண்டும். தேவகோட்டைக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்: வருகிறவர்கள் ஆறு பேர் அல்லர், ஓட்டுநரோடு ஏழு பேர்; அவர்களில் இருவர் சைவம், ஒருவருக்குச் சீனி ஆகாது.