ராட்சதப் பூசணிகளின் வம்சாவளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு பூசணி 1278.8 கிலோ எடை காட்டிய செய்தி வந்தபின் சேர்ந்த கேள்விகள் இவை. லிமிங்டன் ஊரைச் சேர்ந்த பேட்டன் சகோதரர்கள் வளர்த்த காய் அது. இருவரும் இரட்டையர்கள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன உரம் போட்டார்கள்?" என்பதுதான். உரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டுக் கதையைப் பார்த்தால் பேச வேண்டியது விதையைப் பற்றி. அதனால் விதைக் கேள்விகளுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

இது நம் ஊர்ச் சாம்பார்ப் பூசணிதானா? கூடுதலாகக் கவனித்தால் நம்முடையதும் அப்படி ஆகுமா? (தேனி)

ஆகாது. நம் சந்தைகளில் கிடைக்கும் மஞ்சள் பூசணி பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்சாட்டா இனம். ராட்சதப் பூசணி குக்குர்பிட்டா மேக்ஸிமா. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் வேறு வேறு இனங்கள். ஆயுத பூஜைக்கு உடைக்கும் வெண்பூசணி இன்னும் தள்ளி நிற்கும் சொந்தம். அதன் பேரினமே வேறு. மேக்ஸிமாவின் காட்டு மூதாதை அர்ஜென்டினா, உருகுவே பகுதியில் இன்றும் சின்னக் காய்களோடு படர்ந்து கிடக்கிறது. தென் அமெரிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிய பயிர் இது. ஐரோப்பியர் கைக்கு வந்தபோதே இதில் பெரிய காய்கள் இருந்தன.

ராட்சதப் பூசணி ஒன்டாரியோவில்தான் தொடங்கியது என்று இங்கே சொல்கிறார்கள். உண்மையா? (டொராண்டோ)

சாதனைக் கணக்கு அங்கே தொடங்கியது என்றால் சரி. ஹியூரான் ஏரிக்கரையில் உள்ள கோடரிச் ஊரைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 365 பவுண்டு, அதாவது சுமார் 166 கிலோ காயைக் கொண்டுபோனார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய காய் 400 பவுண்டு. 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குப் போனது 403 பவுண்டு, சுமார் 183 கிலோ. அந்த 403 எத்தனை காலம் நின்றது தெரியுமா? 1976 வரை! பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் ஃபோர்டு 451 பவுண்டு காட்டிய பிறகுதான் வார்னாக்கின் பெயர் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.

விதையின் கதை இதற்கும் முந்தியது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1857 வசந்தத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விநியோகித்த பிரெஞ்சு மஞ்சள் பூசணியின் ஆறு விதைகளைத் தன் ஊரான கான்கார்டில் ஊன்றினார். ஒரு காய் 123½ பவுண்டு வந்து உள்ளூர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதை வாங்கிக்கொண்டுபோனவர் விதை ஒன்று பத்து சென்ட் என்று விற்கப்போவதாகக் கேள்விப்பட்டதாகவும் தோரோ எழுதியிருக்கிறார். காயைவிட அதன் விதைக்கே மதிப்பு என்று அந்தக் காலத்திலேயே ஒருவருக்குப் பட்டிருக்கிறது.

எல்லா ராட்சதப் பூசணியும் ஒரே விவசாயியின் விதையிலிருந்து வந்தவை என்கிறார்களே? (மதுரை)

ஏறக்குறைய அப்படித்தான். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விண்ட்சர் என்ற சிற்றூரில் பால் பண்ணை வைத்திருந்த ஹோவர்ட் டில் தான் அந்த விவசாயி. மரபியல் படித்தவர் இல்லை. 'மேமத்' என்ற பழைய பெரும்பூசணி வகைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஒவ்வோர் ஆண்டும் சிறந்த காயின் விதையை மட்டும் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் விடாமல் தேர்ந்தெடுத்தார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக எடைப் போட்டியை வென்றார். 1981இல் அவர் காய் 493.5 பவுண்டு, சுமார் 224 கிலோ. அந்த வகைக்கு 'டில்ஸ் அட்லாண்டிக் ஜயண்ட்' என்று பெயர் வைத்து, 1986இல் அமெரிக்காவில் தாவர வகைப் பாதுகாப்புச் சான்றும் பெற்றார். 2008இல் காலமானார்.

அவர் செய்ததில் நான் பெரிதாக நினைப்பது 493.5 என்ற எண்ணை அல்ல. அந்த விதை யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பாக்கெட்டாக உலகம் முழுக்கப் போனது. வார்னாக்கின் 403ஐத் தாண்ட எழுபது ஆண்டுக்கு மேல் ஆனது. டில்லின் விதை பரவிய பின்போ எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. 1984இல் வாஷிங்டன் மாநிலத்தின் நார்ம் காலஹர் 612 பவுண்டு. 1990இல் எட் கன்கார்ஸ் 816.5. 1994இல் ஒன்டாரியோவின் ஹெர்மன் பாக்ஸ் 990. 1996இல் நியூயார்க் மாநிலத்தின் பவுலா, நேதன் சேர் தம்பதி 1061 பவுண்டோடு ஆயிரத்தைத் தாண்டி, அதற்கென்று அறிவித்திருந்த 50,000 டாலரையும் வாங்கினார்கள். 2012இல் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ரான் வாலஸ் 2009 பவுண்டு. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் 1054 கிலோவோடு ஒரு டன்னைக் கடந்தார். கண்ணாடிக் கூடாரத்தில் வளர்க்கும் ஐரோப்பியர்கள் அதன்பின் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 2021இல் இத்தாலியின் ஸ்டெஃபானோ குட்ருபி 1226 கிலோ. இடையில் 2023இல் மட்டும் மினசோட்டாவில் தோட்டக்கலை ஆசிரியராக இருக்கும் டிராவிஸ் கீங்கர் 2749 பவுண்டோடு, சுமார் 1247 கிலோ, பட்டத்தை அமெரிக்காவுக்குத் திருப்பினார்.

விதைகளுக்கு '723 பாபியர்', '846 கலாய்' என்றெல்லாம் பெயர் இருக்கிறதே, அது என்ன? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். எண், அந்தக் காயின் எடை, பவுண்டில். பெயர், வளர்த்தவரின் குடும்பப் பெயர். கூடவே ஆண்டையும் எழுதுவார்கள். ஒரே காயிலிருந்து எடுத்த சில நூறு விதைகளும் அந்தப் பெயரோடு போகும். அடுத்து பெற்றோர் விவரம்: தாய்ச்செடி முதலில், மகரந்தம் கொடுத்த செடி பிறகு. தன் பூவின் மகரந்தத்தையே தனக்கு வைத்தால் 'செல்ஃப்' என்று குறிப்பார்கள். தேனீ எங்கிருந்தோ கொண்டுவந்தது என்றால் 'ஓப்பன்'. தராசில் ஏற்றாமல் நாடா பிடித்து மதிப்பிட்ட எடை என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். காய் வெடித்திருந்தால் அதையும்.

இப்போது எண்ணைக் கவனியுங்கள். 723 பாபியர் விளைந்தபோது உலகச் சாதனை ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிட்டது. அதாவது போட்டியில் அது ஒரு நடுத்தரக் காய். 846 கலாயும் அப்படித்தான். ஆனால் அவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் சாதனைப் பட்டியலை நிரப்பின. 2000களில் வந்த பெரிய காய்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்றில் அடிக்கடி முட்டுவீர்கள். இன்னொன்று, இல்லினாய்ஸில் 2015இல் விளைந்த 2145 மெக்மல்லன். அதுவும் உலகச் சாதனை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் மத்தியாஸ் வில்லமைன்ஸ் அந்த விதையை ஊன்றி 1190.5 கிலோ எடுத்தார். அது உலகச் சாதனை.

பால் மாடு வளர்ப்பவர்கள் காளையின் உடம்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை, அது போட்ட கன்றுகள் எவ்வளவு கறக்கின்றன என்று பார்ப்பார்கள். இங்கும் அதே நியாயம். ஒரு காயின் எடையில் மண், மழை, வளர்த்தவரின் உழைப்பு எல்லாம் கலந்திருக்கும். பத்துப் பேர் பத்து ஊரில் ஒரே விதையை ஊன்றி எட்டுப் பேருக்குப் பெரிய காய் வந்தால்தான் அது விதையின் குணம். இந்தச் சோதனையை எந்த ஆராய்ச்சி நிலையமும் நடத்தவில்லை. வீட்டுத் தோட்டக்காரர்கள் விதையைப் பங்கிட்டு, விளைச்சலை ஒளிக்காமல் பதிந்து, தாங்களே நடத்தினார்கள். எடை மேடைகளுக்குப் பொது விதி வகுக்கும் கிரேட் பம்ப்கின் காமன்வெல்த் அமைப்பு வந்தபிறகு அந்தப் பதிவுகள் இன்னும் ஒழுங்காயின. பயிர்ப் பெருக்கத்தில் சாதாரண மக்கள் செய்த இவ்வளவு பெரிய கூட்டு வேலை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விதை ஆயிரக்கணக்கில் விலை போகுமாமே? (சென்னை)

ஏலத்தில் போகும். புகழ்பெற்ற காயின் ஒற்றை விதைக்குச் சிலர் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வளர்ப்போர் சங்கங்களின் பரிசுத் தொகைக்குப் போகிறது. ஆனால் அதைவிடப் பல மடங்கு விதை இனாமாகவே கைமாறுகிறது. தபால் தலை ஒட்டிய உறையை அனுப்பினால் விதை திரும்பி வரும். கடையில் 'அட்லாண்டிக் ஜயண்ட்' என்று மட்டும் அச்சடித்த பாக்கெட்டுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். பாக்கெட்டில் பெற்றோர் விவரம் இருக்காது.

பெரிய காய்ச் செடியின் மகரந்தத்தை வைத்தால் இந்த ஆண்டுக் காயே பெரிதாகுமா? (திருநெல்வேலி)

ஆகாது. சதை முழுக்கத் தாய்ச்செடியின் திசு. தகப்பனின் குணம் விதைக்குள்தான் போகிறது, அடுத்த ஆண்டு தெரியும். அதனால்தான் இவர்கள் மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையே கட்டி வைத்து, விடியற்காலையில் கையால் மகரந்தம் தொட்டு, மறுபடி மூடுகிறார்கள். தேனீ ஒரு முறை உள்ளே போனால் வம்சாவளிக் குறிப்பு பொய்யாகிவிடும்.

சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டிருந்தால் செடி நலிந்துபோகாதா? (யாழ்ப்பாணம்)

மக்காச்சோளமாக இருந்தால் நலிந்துபோயிருக்கும். பூசணிக் குடும்பம் இதில் விதிவிலக்கு. தன் மகரந்தத்தையே சில தலைமுறை வைத்தாலும் வீரியம் பெரிதாகக் குறைவதில்லை. ஒரு குடியிருப்பில் நாலைந்து செடிகளே வளர்த்துவந்த நெடிய பழக்கம் தீய மரபணுக்களை முன்பே களைந்திருக்கும் என்பது பயிர்ப் பெருக்கவியலார் சொல்லும் விளக்கம். ஆனாலும் எல்லோரும் டில்லின் வழித்தோன்றல்களையே வளர்ப்பதில் எனக்குக் கவலை உண்டு. நோய் எதிர்ப்பு, சதையின் சுவை ஆகியவற்றை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எடை ஒன்றையே தேர்ந்தெடுத்தார்கள், எடை வந்தது.

மரபணு மாற்றம் செய்ததா? இல்லையென்றால் ஒரு கொடிக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து? (சேலம்)

மரபணு மாற்றம் எதுவும் இல்லை. வெறும் தேர்வும் கலப்பும்தான். பலத்தைப் பற்றி 2015இல் ஜெசிகா சாவேஜ் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இலையில் உண்டாகும் சர்க்கரையைக் காய்க்குக் கடத்தும் ஃபுளோயம் திசுவை ராட்சத வகைகளிலும் சாதாரண வகைகளிலும் ஒப்பிட்டார்கள். சாறு ஓடும் வேகத்தில் ரகசியம் இல்லை. ராட்சத வகைகளில் அந்தத் திசுவே கூடுதலாக இருக்கிறது. நாற்பது ஆண்டாகத் தராசைப் பார்த்து விதை பொறுக்கியவர்கள், தங்களுக்குத் தெரியாமலேயே குழாய்களைக் கூட்டியிருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் உழைப்பு. ஒரு செடிக்கு ஒரே காய், மீதிப் பிஞ்சுகள் கிள்ளப்படும். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் மண் அணைத்துப் புது வேர் விடவைப்பார்கள். உச்சக்கட்டத்தில் காய் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறும். அந்த வேகத்தில் தண்ணீர் ஏறுமாறானால் தோல் பிளந்துவிடும். உட்குழி வரை துளை விழுந்த காய் போட்டிக்கு ஆகாது. விதை மட்டும் அப்போதும் ஆகும்.

ஏன் இவ்வளவு கோணல்? உருண்டையாக வளர்க்க முடியாதா?

தன் எடையே அதை அமுக்குகிறது. ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் டேவிட் ஹூ குழு 2011இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியது: வளரும்போதே புவியீர்ப்பு இழுப்பதால் காய் தட்டையாகிப் பக்கவாட்டில் பரவுகிறது. அழகான உருண்டைக் காய்களுக்குத் தனிப் பரிசு உண்டு, எடைப் போட்டியில் அவை வெல்வது அரிது.

பச்சை நிறக் காயைப் பூசணி என்று ஏற்க மாட்டார்களா?

ஒரே இனம்தான். ஆனாலும் பச்சை அதிகமானால் 'ஸ்குவாஷ்' பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ரோட் ஐலண்டின் ஜோ ஜுட்ராஸ் 2017இல் 2118 பவுண்டுப் பச்சைக் காயோடு அந்தப் பிரிவின் சாதனையைப் பிடித்தார். நீளச் சுரைக்காயிலும் ஆரஞ்சுப் பூசணியிலும் அவர் முன்பே உலகச் சாதனை வைத்திருந்தவர். மூன்றையும் எட்டிய முதல் ஆள் அவர்தான்.

சாப்பிடலாமா?

மருந்து அடிக்காததென்றால் சாப்பிடலாம், ஆனால் நீர்த்த சதை, ருசி இல்லை. ஓரகன் விலங்குக் காட்சியகத்தில் யானைகள் இவற்றை மிதித்து உடைத்துத் தின்கின்றன. டில்லின் ஊரான விண்ட்சரில் 1999இல் குடைந்தெடுத்த காய்களைப் படகாக்கிப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள்.

கொடைக்கானலில் வளர்த்தால் வருமா? (வத்தலக்குண்டு)

செடி வரும், காயும் வரும், உலகச் சாதனை வராது. இந்தச் செடிக்கு மிதமான வெயிலும் கோடையில் 15, 16 மணி நேரப் பகல் வெளிச்சமும் வேண்டும். வட அட்சரேகைகளில் இயல்பாகக் கிடைப்பது அது. கொடைக்கானலில் குளிர்ச்சி உண்டு, பகல் நீளம் இல்லை. சமவெளியில் இரண்டுமே இல்லை. முயன்று பார்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பழ ஈயும் சாம்பல் நோயும் முதலில் வரும், பிஞ்சு பிடித்த அன்றே வலையிட்டு மூடுங்கள். ஒரு செடிக்குக் குறைந்தது ஒன்றரை சென்ட் நிலமாவது விடுங்கள். விதை வாங்கும்போது பெற்றோர் பெயர் கேளுங்கள், காய் எத்தனை கிலோ வந்தாலும் எடையை எழுதி விதை கொடுத்தவருக்கு அனுப்புங்கள். வெப்ப மண்டலத்தில் எந்த விதை வம்சம் தாக்குப்பிடிக்கிறது என்ற விவரம் அவர்களிடமும் குறைவுதான்.