வாழைத்தோல் படலம் நொறுங்கினால்

வாழைத்தோலை அரைத்துப் பிளாஸ்டிக் தாள் போன்ற மெல்லிய படலம் செய்ய, பழுத்த தோலை விட்டுவிட்டுப் பச்சைக் காயின் தோலை எடுங்கள். நன்றாகப் பழுத்த வாழைப்பழத் தோலை அரைத்துச் செய்த படலம், காய்ந்ததும் அப்பளம் போல நொறுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். அப்புறம் படலமாகப் பிணையக் கொஞ்சம்தான் மிஞ்சும்.

சோதிப்பது சுலபம். தோலின் உட்பக்க வெள்ளைச் சதையைச் சுரண்டி, ஒரு சொட்டு டிங்சர் அயோடின் (காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து) விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. மஞ்சள் பழுப்பாகவே நின்றால் அந்தத் தோல் உதவாது.

கருநீலம் வந்தும் நொறுங்கினால், படலத்தை வளையவைக்கும் கிளிசரின் போதவில்லை. 10 கிராம் உலர்ந்த மாவுக்கு 3 கிராம் வரை சேர்க்கலாம். அரைத்ததை அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிளறி, 80 டிகிரி செல்சியஸ் தாண்டி, கூழ் கெட்டியாகி மினுமினுத்த பிறகே தட்டில் ஊற்றுங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. உச்சி வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டு வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள்.

கிளிசரின் கூடிப்போனால் மழைநாளில் பிசுபிசுக்கும். சரியாக வந்தாலும் இந்தப் படலம் ஈரம் தாங்காது; உலர்ந்த பொருளைப் பொதிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.