எஸ்டேட் காரா, ஸ்போர்ட்ஸ் காரா? ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஒரு கேள்வி பதில்

அடிவாரம் டீக்கடையில் நம் ஆட்களிடையே ஆரம்பித்த சண்டை இது. பின்னால் பெரிய டிக்கி, ஐந்து சீட், உள்ளே 600 குதிரைத்திறன் என்று வருகிற எஸ்டேட் கார் மேலா? இரண்டு பேருக்காகவே செய்த ஸ்போர்ட்ஸ் கார் மேலா? துபாயில் 17 வருடம் இரண்டு வகையையும் கழற்றி மாட்டியவன் என்பதால் கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர்: தம்பி, எஸ்டேட் கார் என்றால் எங்கள் எஸ்டேட்டில் ஓடுகிற ஜீப் மாதிரியா?

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை ஐயா, பெயர் அந்த எஸ்டேட்டிலிருந்துதான் வந்தது. இங்கிலாந்தில் பெரிய பண்ணை வீட்டுக்காரர்கள் ரயிலடிக்கு ஆள் அனுப்பி விருந்தாளியையும் பெட்டி படுக்கையையும் ஏற்றி வர வைத்திருந்த வண்டி அது. அமெரிக்கர்கள் ரயிலடியை வைத்து ஸ்டேஷன் வேகன் என்றார்கள், இங்கிலாந்துக்காரர்கள் பண்ணையை வைத்து எஸ்டேட் என்றார்கள். ஜெர்மன்காரர்களில் ஆடி இதை அவான்ட் என்கிறது, பிஎம்டபிள்யூ டூரிங் என்கிறது. செடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டிவிட்டால் எஸ்டேட். ஜீப்பின் உயரம் இதில் வராது. மற்ற கேள்விகளுக்கு அந்த உயரக் குறைவுதான் முக்கியம்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, ஆடி ஆர்எஸ்6 அவான்ட் 100 கி.மீ. வேகத்தை 3.6 விநாடியில் தொடுகிறது. போர்ஷே 911 கரேராவுக்கு 4.2 விநாடி. அப்புறம் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?

இந்தக் கணக்கில் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான் தம்பி. எடைக்குத் திறன் என்று வகுத்துப் பார்த்தாலும் எஸ்டேட்டே ஜெயிக்கும். இரண்டும் 2019-இல் வந்தபோது இருந்த கணக்கு இது: ஆர்எஸ்6 அவான்ட் 600 குதிரைத்திறன், 2,075 கிலோ. 911 கரேரா 385 குதிரைத்திறன், 1,505 கிலோ. நேர்கோட்டில் ஓடும்வரை இன்ஜின் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நாலு சக்கரத்துக்கும் இழுவை இருப்பதால் புறப்படும்போது டயர் வழுக்கவும் வழுக்காது.

திரும்பும்போதும் நிறுத்தும்போதும் எடையைச் சுமப்பது இன்ஜின் இல்லை, நாலு டயர். அங்கே 600 குதிரையும் உதவாது. இதற்கு ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. 2022-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 டூரிங் எஸ்டேட் 510 குதிரைத்திறன். போர்ஷே 911 ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காரும் 510 குதிரைத்திறன். திறனில் ஒன்றுக்கொன்று சமம். எஸ்டேட் 1,865 கிலோ, ஜிடி3 ஏறக்குறைய 1,435 கிலோ. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 20.832 கி.மீ. சுற்றை ஜிடி3 6 நிமிடம் 59.9 விநாடியில் முடித்தது. எம்3 டூரிங் 2022-இல் 7 நிமிடம் 35 விநாடி எடுத்துக்கொண்டது. ஒரே திறன், ஒரே பாதை, 35 விநாடி வித்தியாசம். ஜிடி3-க்கு டயரும் இறக்கையும் பந்தயத்துக்காகச் செய்தவை, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த 430 கிலோ எங்கும் போய்விடாது.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பின்னால் குழந்தை சீட்டை வைத்துக்கொண்டு அந்தப் பாதையை 7 நிமிடம் 35 விநாடியில் சுற்றுவது லேசான காரியம் இல்லை. ஒரு எஸ்டேட் அதைச் செய்கிறது என்பதை என்னால் இன்றும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோரிமேட்டிலிருந்து ஒருவர்: நம்ம 20 கொண்டை ஊசி வளைவில் எது முன்னால் போகும்?

அரசு பஸ் முன்னால் போகும். இரண்டு காரும் அதன் பின்னால் ஊர்ந்துகொண்டு போகும்.

சரி, விடியற்காலை ஐந்து மணி, ரோடு காலி என்று வைத்துக்கொள்வோம். எதிரே வருவது தெரியாத ரோட்டில் நான் யாரையும் ஓட்டச் சொல்ல மாட்டேன். வண்டி எப்படித் திரும்பும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆர்எஸ்6-இன் கனமான எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் மூக்கு வெளிப்பக்கம் போகப் பார்க்கும். அதைச் சமாளிக்கப் பின் சக்கரங்களையும் திருப்புகிற வசதியை ஆடி வைத்திருக்கிறது. மெதுவான வேகத்தில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களுக்கு எதிராக ஐந்து டிகிரி வரை திரும்பும். ஐந்து மீட்டர் நீள வண்டி கொண்டை ஊசியில் சின்ன வண்டி போலச் சுருண்டு வரும். நல்ல வித்தைதான், ஆனால் அது வித்தை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

போர்ஷே கேமன் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. எடை நடுவில். ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே வண்டி திரும்பிவிடும், யோசிக்காது. 300 குதிரைத்திறன்தான். ஏற்காட்டு ரோட்டுக்கு அதுவே அதிகம். குப்பனூர் வழியில் ஏறினால் அதிலும் பாதி போதும்.

மேலே காற்று மெலியுமே என்றும் இருவர் கேட்டிருந்தார்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ உள்ள இன்ஜினுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஜிடி3 மாதிரி டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கொஞ்சம் தெரியும்.

ஓமலூரிலிருந்து ஒருவர்: ஏறுவதை விடுங்கள். குடும்பத்தோடு இறங்கும்போது இவ்வளவு கனமான வண்டியின் பிரேக் தாங்குமா?

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. மலையில் வண்டியின் குணம் இறக்கத்தில்தான் தெரியும்.

மேலேயிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1,100 மீட்டர் கீழே வருகிறோம். அப்பா, அம்மா, பிள்ளைகள், பைகள் சேர்ந்து எஸ்டேட் 2,350 கிலோ என்றால் அந்த இறக்கம் கொடுக்கும் ஆற்றல் சுமார் 25 மெகாஜூல். ஓட்டுநர், கூட ஒருவர், கேமன், சேர்த்து 1,485 கிலோ என்றால் 16 மெகாஜூல். இது பிரேக்கிலும் இன்ஜினிலும் காற்றிலுமாகச் சூடாகிப் போக வேண்டும். முழுவதையும் பிரேக்கே தின்றால், 100 கி.மீ. வேகத்திலிருந்து 28 தடவை அடுத்தடுத்து நிறுத்திய சூடு. இந்த 28 என்பது எந்த எடை வண்டிக்கும் பொது. ஆனால் கனமான வண்டி ஒவ்வொரு தடவையும் அதிகச் சூட்டை இறக்குகிறது.

ஆர்எஸ்6-இல் முன் டிஸ்க்கே 420 மில்லிமீட்டர் அகலம், அதனால் டிஸ்க் தாங்கும். எனக்குப் பயம் பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் தரக் கணக்குப்படியே 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகருக்குப் பக்கத்தில் ஜெபல் ஹஃபீத் என்று ஒரு மலை. ஒரு வாடிக்கையாளரின் எஸ்டேட்டைச் சோதித்துப் பார்க்க நாலாவது தடவை அதில் இறங்கும்போது எனக்கே பெடல் அப்படி உள்ளே போனது. ஆயிலை மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போன மடையன் நான்தான். அங்கே ரோடு அகலம், ஒதுங்கி நிறுத்த முடிந்தது. நம் மலைப்பாதையில் அந்த வசதி கிடையாது.

அதனால் ஆட்டோ கியராக இருந்தாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மைனஸ் பட்டனைத் தட்டி இரண்டாம் கியரில் இறங்குங்கள், இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை, பிறகு விட்டுவிடுங்கள். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

சுவர்ணபுரியிலிருந்து ஒரு மருத்துவர் அம்மா: 911-இல் பின்னால் இரண்டு சீட் இருக்கிறதே, ஆறு வயதும் ஒன்பது வயதும் உட்காரலாமா?

ஆறு வயது உட்காரும். ஒன்பது வயது கோரிமேடு வரை உட்காரும், அதற்கப்புறம் உங்களிடம் பேசாது. முன்னால் இருக்கும் டிக்கி 132 லிட்டர்தான், இரண்டு பை வைத்தால் முடிந்தது. ஆர்எஸ்6-இல் 565 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 1,680. மாம்பழ சீசனில் நம் ஊர் வீடுகளுக்கு இந்த ஒரு வரி போதும்.

சூரமங்கலத்திலிருந்து ஒருவர்: என்னதான் சொன்னாலும் எஸ்டேட் ஆம்புலன்ஸ் மாதிரிதானே இருக்கிறது?

இந்த வாயால்தான் நம் நாட்டில் எஸ்டேட் வாழவில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ அல்ட்யூரா, ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி, டாடா இண்டிகோ மரீனா எல்லாம் வந்து போயின. எதுவும் நிலைக்கவில்லை. உயரமான வண்டிதான் கௌரவம் என்று முடிவு கட்டிவிட்டோம். அதே டிக்கியை அரை அடி மேலே தூக்கி வைத்தால் எஸ்யூவி என்று கூடுதல் பணம் கொடுக்கிறோம், வளைவில் ஆட்டத்தையும் சேர்த்து வாங்குகிறோம்.

எஸ்டேட்டும் பந்தயமும் அவ்வளவு தூரம் இல்லை. 1994-இல் ஆடி ஆர்எஸ்2 அவான்ட் வந்தபோது அதைப் போர்ஷேயும் சேர்ந்து செய்தது. பிரேக்கும் சக்கரமும் போர்ஷேயினுடையவை, ஐந்து சிலிண்டர், 315 குதிரைத்திறன். அதே வருடம் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ 850 எஸ்டேட்டையே ஓட்டவிட்டது. பெரிதாக ஜெயிக்கவில்லை, அடுத்த வருடம் செடானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்வது அந்த எஸ்டேட்டைத்தான். உங்கள் ஆம்புலன்ஸ்தான் அது.

பெங்களூரில் வேலை, வாராவாரம் சேலம் வருகிறவர்: தொப்பூர் வழியாக வருகிறேன். எது சுகம்?

எஸ்டேட். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நாலு மணி நேர ஓட்டத்தில் ஸ்போர்ட்ஸ் காரின் டயர் சத்தமும் இறுக்கமான சஸ்பென்ஷனும் தலைவலி கொடுக்கும். தாழ்ந்த மூக்கு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் உங்களை வேண்டுதல் வைக்கச் சொல்லும். நீண்ட ஓட்டத்தில் களைப்பு குறைவாக இருந்தால் கடைசி ஒரு மணி நேரமும் புத்தி தெளிவாக இருக்கும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தொப்பூர் கணவாய் வருகிறது. லாரிகளுக்கு நடுவில் இறங்கும் அந்த இடத்தில் 600 குதிரைத்திறனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளி வியாபாரி: விலையைச் சொல்லவே இல்லையே சார்?

2015-இல் அப்போதைய ஆர்எஸ்6 அவான்ட், 560 குதிரைத்திறன், இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 1.35 கோடி. இப்போது இந்த ரக வண்டி வேண்டுமென்றால் பழையதாகத் தேட வேண்டும். ஷோரூம் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி காருக்கு வரியே 40 லட்சம். இதைத் தவிர்க்க வேறு மாநில முகவரியில் பதிவு செய்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் ஆசையைக் கேட்டுக்கொண்டு உங்கள் வழியில் போங்கள்.

பட்ஜெட் சின்னதென்றால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று இருக்கிறது. 2020-இல் 245 குதிரைத்திறனில் 200 கார், 2025-இல் 265 குதிரைத்திறனில் 100 கார் இங்கே வந்தன. பெயருக்குச் செடான், ஆனால் பின் கண்ணாடியோடு சேர்ந்து திறக்கிற கதவு, உள்ளே எஸ்டேட் அளவுக்கு இடம்.

பலரும் கேட்டது: உங்களிடம் இரண்டு சாவியையும் நீட்டினால்?

எனக்கு மட்டும் என்றால் கேமன், செவ்வாய்க்கிழமை விடியற்காலை. வீட்டுக்கு என்றால் எஸ்டேட். என் மனைவி இரண்டையும் பார்த்துவிட்டு, இன்னோவாவில் மூட்டு வலி இல்லாமல் ஏறி இறங்கலாமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே வெள்ளி வியாபாரி மறுபடியும்: சரி, பழைய ஆர்எஸ்6 ஒன்று பெங்களூரில் கிடைக்கிறது, கரும்பச்சை நிறம், 600 குதிரைத்திறன் மாடல். அட்வான்ஸ் கொடுத்துவிடட்டுமா?

கொடுக்காதீர்கள். அந்த மாடல் பக்கக் கண்ணாடிகளோடு 2.1 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உங்கள் தெருவில் சாயங்காலம் ஸ்கூட்டரே ஒதுங்கித்தான் போகிறது. முதலில் ஒரு டேப் எடுத்து வீட்டு கேட்டை அளந்து எனக்கு எழுதுங்கள். அப்புறம் பிரேக் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்போம்.