பிராக் கோட்டைக்குப் படியேறாமல் போகலாம்

முழங்கால் வலியுள்ள அம்மாவைப் பிராக் கோட்டைக்கு எப்படி அழைத்துப்போவது என்று கேட்டிருந்தீர்கள். கீழிருந்து ஏறவே வேண்டாம். 22ஆம் எண் டிராமில் பிராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சற்று நடந்தால் கோட்டை, பாதையும் ஏறக்குறைய சமதளம்தான்.

உள்ளே புனித வீட்டஸ் பேராலயத்துக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். 1344இல் தொடங்கிய கட்டுமானம் 1929இல்தான் முடிந்தது. காலை வெயிலில் அந்த வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

திரும்பும்போது நெருதோவா தெருவில் இறங்காதீர்கள். கல் பாவிய இறக்கம், முழங்காலுக்கு ஆகாது. அதே டிராமில் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம் வந்தால் சார்லஸ் பாலம் பக்கம்தான். அம்மாவுக்கு மெத்தென்ற காலணி அவசியம்.