கலிபோர்னியாவில் வெயிலும் மின்வெட்டும் தாங்காமல் மக்கள் வெளியேறுகிறார்களாமே, உண்மையா?

வெளியேறுகிறார்கள் என்பது உண்மை. வெயிலும் மின்வெட்டும்தான் காரணம் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. (சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவி குழந்தையோடு போகலாமா என்றும் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

வெயிலுக்குப் பயந்தவன் வெயில் குறைவான ஊருக்குத்தானே போக வேண்டும்? எனக்குத் தெரிந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து மூட்டை கட்டியவர்கள் அத்தனை பேரும் இன்னும் வெயில் கொளுத்தும் இடத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். டெக்சாஸ், அரிசோனா, இல்லையென்றால் கலிபோர்னியாவுக்குள்ளேயே உள்ளே தள்ளியிருக்கும் சாக்ரமெண்டோ. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 2013 முதல் அந்த வளைகுடாப் பகுதியில் ஃப்ரீமாண்டில் வாடகைக்கு இருந்துவிட்டு, 2021-இல் மாநிலத்துக்குள்ளேயே ஆல்டமாண்ட் மலையைத் தாண்டி மவுண்டன் ஹவுஸ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். பெயரில்தான் மலை. ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை, சூடும் அப்படித்தான்.

முதலில் மின்வெட்டு. நான் மதுரைக்காரன். 2012-இல் எங்கள் தெருவில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வந்த உடனே அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு மாவு அரைக்க உட்கார்ந்துவிடுவார். இன்வெர்ட்டர் இருந்தது, விசிறி இருந்தது, எதுவும் ஆகவில்லை என்றால் மொட்டை மாடி இருந்தது. அந்த அனுபவத்தோடு அமெரிக்கா வந்தவனுக்கு மின்வெட்டெல்லாம் ஒரு பொருட்டா என்றுதான் 2020 ஆகஸ்ட் 14 வரை நினைத்திருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வெளியே வெயில் சதத்தை நெருங்கியிருந்தது. எங்களுடையது மேற்குப் பார்த்த மாடி அபார்ட்மெண்ட், ஏசி கிடையாது. கடற்கரைக் குளிர்ச்சியை நம்பிக் கட்டிய பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் கிடையாது. மாலை ஆறரை மணி தாண்டியதும் கரண்ட் போனது. நான் முதலில் செய்த காரியம், ஜன்னல் வழியாக எதிர் வரிசையைப் பார்த்தது. நமக்கு மட்டுமா, தெருவுக்கேவா? எதிர்வரிசையில் விளக்கு எரிந்தது! பிறகுதான் தெரிந்தது, மின்கட்டண பில்லிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிளாக் எண் அச்சிட்டிருப்பார்களாம். பிளாக் பிளாக்காக நிறுத்துவார்கள். நம் ஊரில் சுழற்சி முறை மின்வெட்டு என்போமே, அதேதான். 2001-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் அதுதான் முதல் தடவை.

மின் அடுப்பில் அரிசி பாதி வெந்து நின்றது. மனைவி அலுவலக மீட்டிங்கில் இருந்தாள், வைஃபை போய்விட்டது. கடைசியில் மூன்று பேரும் கீழே இறங்கி, காருக்குள் ஏசியைப் போட்டு உட்கார்ந்தோம். அவள் கைபேசியில் மீட்டிங்கை முடித்தாள். மதுரையில் அம்மாவுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும், "அங்கேயுமாப்பா கரண்டு போகுது? அமெரிக்கான்னாங்க!" என்றார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மறுநாள் சனிக்கிழமையும் மாநிலத்தின் வேறு பகுதிகளில் நிறுத்தினார்கள். இரண்டே நாள், இரண்டே மாலை.

ஏன் போனது என்பது சுவாரசியமான விஷயம். பகலில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும். சூரியன் இறங்கியதும் அது மளமளவென்று குறையும், ஆனால் வீடுகளில் ஏசி அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரப் பள்ளத்தை அப்போது பக்கத்து மாநிலங்களிடம் வாங்கியும் நிரப்பி வந்தார்கள். அந்த வாரம் மேற்கு அமெரிக்கா முழுவதும் கொதித்தது. 16-ஆம் தேதி இந்த மாநிலத்தின் டெத் வேலிப் பாலைவனத்தில் 130 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 54.4 செல்சியஸ் பதிவானது. எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும்போது யார் யாருக்கு விற்பது?

இந்த மின்வெட்டையும் 2019 அக்டோபர் மின்வெட்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அது பற்றாக்குறை இல்லை, பயம். 2018 நவம்பர் 8 அன்று வடக்கே ஒரு பழைய உயரழுத்தக் கம்பித் தடத்தில், ஏறத்தாழ நூறு வருடப் பழைய கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததில் தீப்பிடித்து, பாரடைஸ் என்ற ஊரே சாம்பலானது. 85 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, காய்ந்த காற்று பலமாக வீசினால் மின் நிறுவனம் முன்கூட்டியே கரண்டை நிறுத்திவிடுவது மிகவும் அதிகமானது. 2019 அக்டோபரில் அப்படி நிறுத்தியபோது மலையோரங்களில் லட்சக்கணக்கான வீடுகளில், சில இடங்களில் நாள் கணக்கில், மின்சாரம் இல்லை. அங்கே கிணற்று மோட்டாரை நம்பி இருந்தவர்களுக்குத் தண்ணீரும் இல்லை. நிஜமாகக் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள்தான். காருக்குள் உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கிய நாங்கள் இல்லை.

எங்களை உண்மையில் அசைத்தது புகை. ஆகஸ்ட் 16 ஞாயிறு விடியற்காலை மழையே இல்லாமல் இடி மின்னல் மட்டும் வந்தது. ஃப்ரீமாண்டுக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் தீ. செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வானமே ஆரஞ்சு நிறத்தில் இருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏசி இல்லாத வீட்டில் வெயிலுக்கு ஒரே வழி ஜன்னலைத் திறப்பது. புகைக்கு ஒரே வழி அதை மூடுவது. மகளுக்கு அப்போது ஆறு வயது, இருமல் வேறு. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்ட அந்த வாரங்களில்தான் "போயிடலாமா?" என்ற பேச்சு முதன்முதலாக வந்தது.

ஆனால் பேச்சுதான் அப்போது வந்தது. காரணம் பல வருடங்களாக வளர்ந்துகொண்டே இருந்தது. 2013-இல் 1,750 டாலருக்குக் குடிவந்த அதே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2019-இல் 2,850 டாலர் கொடுத்தோம். வாங்கலாம் என்றால், பக்கத்துத் தெருவில் ஒரு சாதாரண மூன்று படுக்கையறை வீடு 15 லட்சம் டாலர். இந்த விலைக்குப் பின்னால், பல பகுதிகளில் தனி வீடு தவிர வேறு எதையும் நெடுங்காலம் கட்டவிடாத நகரச் சட்டங்கள் இருக்கின்றன. 1978-இல் வாக்கெடுப்பில் ஜெயித்த 13-ஆம் முன்மொழிவும் இருக்கிறது. அதன்படி வீட்டு வரி மதிப்பில் ஒரு சதவீதம்தான், அந்த மதிப்பும் வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது, வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்கு மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1975-இல் 60 ஆயிரத்துக்கு வாங்கியவருக்கு 2020-இல் வரி ஆயிரத்து ஐந்நூறு டாலர் பக்கம். பக்கத்திலேயே அதே மாதிரி வீட்டை 15 லட்சத்துக்கு வாங்கியவருக்குப் பதினைந்தாயிரம். பழையவர் எதற்கு விற்பார்? விற்காத தெருவில் விலை எப்படி இறங்கும்?

வெளியேறுபவர்கள் என்றால் பத்திரிகைகளில் ஐடி ஆட்களின் படத்தைத்தான் போடுகிறார்கள். எங்களுக்கு முன்பே போனவர்கள் வேறு ஆட்கள். எங்கள் பகுதியில் தஞ்சாவூர் அக்கா ஒருவர் வீட்டிலிருந்தே சமைத்து டிபன் கட்டிக் கொடுப்பார். அவர் வைக்கும் சாம்பாருக்காக வியாழக்கிழமைக்குக் காத்திருப்போம். கணவருக்குக் கடையில் வேலை. 2018-இல் வாடகை ஏறியதும் ஸ்டாக்டனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் செய்தி எழுதவில்லை. 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 3.95 கோடி. ஆனாலும் மற்ற மாநிலங்கள் வளர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காததால், வரலாற்றில் முதல் தடவையாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஓர் இடத்தை இழந்து 53, 52 ஆனது. அதில் அக்கா குடும்பத்துக்குப் பங்கில்லை, அவர்கள் மாநிலத்துக்குள்ளேயேதான் இருக்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் எப்படி? 8 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு நான்கு படுக்கையறை. ஜூலையில் நூறு டிகிரி தினசரிச் செய்தி. 2022 செப்டம்பர் 6 அன்று சாக்ரமெண்டோவில் 116. அன்று மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் தரும் மின்தொகுப்பில் தேவை 52,061 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. மாலை 5.45-க்குக் கோடிக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின, மின்சாரத்தைக் குறையுங்கள் என்று. அரை மணி நேரத்துக்குள் 2,000 மெகாவாட்டுக்கு மேல் தேவை இறங்கியது. கூடங்குளத்தின் இரண்டு உலைகள் அளவு, வெறும் குறுஞ்செய்தியில்! பெரிய அளவில் மின்வெட்டு இல்லாமல் அன்று தப்பித்தார்கள்.

எங்கள் ஊருக்கு மின்சாரம் தருவது ஒரு பாசன மாவட்டம் என்றால் நம்புவீர்களா? மொடெஸ்டோ பாசன மாவட்டம், வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் விட 1887-இல் ஆரம்பித்த அமைப்பு. கட்டணம் ஃப்ரீமாண்டை விடக் குறைவு. நாள் முழுக்க ஏசி ஓடுவதால் பில் என்னவோ கூடத்தான் வருகிறது. சாயங்காலம் சாக்ரமெண்டோ ஆற்று டெல்டா பக்கமிருந்து காற்று வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம். மதுரையில் அது வராது. வாரத்தில் மூன்று நாள் அதிகாலை எழுந்து பக்கத்து ஊரான ட்ரேசியில் ரயிலேறி சாண்டா கிளாராவுக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் போக நான்கு ரயில், மாலையில் திரும்ப நான்கு. கடைசி ரயிலை விட்டால் அன்றைய ராத்திரி கதை வேறு. அந்த மூன்று நாளும் மகள் எழுந்திருக்கும்போது நான் வீட்டில் இல்லை. வீட்டு விலையில் மிச்சம் பிடித்ததை இப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டெக்சாஸ் போன நண்பனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநில வருமான வரி இல்லை, பெரிய வீடு என்று 2020 நவம்பரில் ஆஸ்டின் பக்கம் போனான். 2021 பிப்ரவரியில் பனிப்புயல். அந்த மாநிலம் தன் மின்தொகுப்பைத் தனியாகவே வைத்திருக்கிறது, வெளியிலிருந்து இழுக்க வழி குறைவு. 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில். அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். நண்பன் வாசல் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் கழிவறைக்கு ஊற்றினான். அவன் திரும்பி வரவில்லை. வீட்டு வரியைத் திட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறான்.

இப்போது உங்கள் விஷயம். சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவதில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்றால் தாராளமாக வாருங்கள். முதல் இரண்டு வருடம் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள், மலை தாண்டும் யோசனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் காட்டுத்தீக் காப்பீட்டை முதலில் விசாரியுங்கள். மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் புதிய பாலிசி கொடுப்பதையே நிறுத்தியது. கோயில், தமிழ்ப் பள்ளி, இட்லி அரிசி எதற்கும் குறையில்லை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடகை வீடு பார்க்கும்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த மாடி வீடு, ஏசி இல்லை என்றால், வாடகை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.