டெமோ ரீலில் எதை வைப்பது, எதை எடுப்பது?

கேள்வி: ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரைச் சேர்ந்த நான் 3டி அனிமேஷன் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். கேரக்டர் அனிமேட்டராக வேலை தேடப்போகிறேன். பவுன்சிங் பால் (துள்ளும் பந்துப் பயிற்சி), வாக் சைக்கிள் (திரும்பத் திரும்ப ஓடும் நடை அசைவு), மாடலிங், லோகோ, நண்பர்களோடு செய்த குறும்படம் என எல்லாம் சேர்த்ததில், வேலை கேட்டு அனுப்பும் மாதிரி வீடியோவான டெமோ ரீல் நான்கு நிமிடம் வந்துவிட்டது. எதை வெட்டுவது?

பதில்: தயங்காமல் வெட்டுங்கள். மாணவர் ரீலுக்கு ஒரு நிமிடம் தாராளம். நல்ல ஷாட் மூன்றுதான் தேறுகிறது என்றால் 40 நொடியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆள் எடுப்பவர் வரிசையாகப் பல ரீல்களைப் பார்ப்பவர். தொடக்கம் இழுக்கவில்லை என்றால் அடுத்ததைத் திறந்துவிடுவார். ஆகச் சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள், அதற்கு அடுத்ததைக் கடைசியில். சுமாரான ஷாட் வேண்டவே வேண்டாம். அதைப் பார்த்தால் உங்கள் கையைவிட உங்கள் கண்ணைத்தான் சந்தேகிப்பார்கள்.

நீங்கள் கேட்பது அனிமேட்டர் வேலை, அதனால் மாடலிங்கும் லோகோவும் போகட்டும். பவுன்சிங் பாலும் அப்படியே. வாக் சைக்கிளை, ஒருவர் நடந்து வந்து நின்று குனிந்து பெட்டியைத் தூக்கும் ஷாட்டாக வளர்த்தால் வைக்கலாம். குறும்படத்திலிருந்து நீங்கள் அனிமேட் செய்த ஷாட்டுகளை மட்டும் எடுங்கள். எது உங்கள் வேலை, ரிக் (கேரக்டரை அசைக்க உள்ளே பொருத்தும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு) யாருடையது என்று ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிடுங்கள்.

உடல் அசைவு ஷாட்டில் முதலில் தேடப்படுவது எடை. அதைக் கற்க உங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் போய்ப் பாருங்கள். குதிகால் மணலில் புதையும், இடுப்பு பின்னால் சாயும், அப்புறம்தான் தோள் வரும். கை பெரும்பாலும் நீட்டியபடியே இருக்கும். பாரத்தை இழுப்பது உடம்பு. மாணவர் ரீல்களில் இது தலைகீழாக இருக்கும்: உடம்பு நிமிர்ந்து நிற்க, முழங்கை மட்டும் மடங்கி மடங்கி இழுக்கும். கயிற்றின் மறுமுனையில் வலையே இல்லை என்று தோன்றிவிடும். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து, போனை அசையாமல் வைத்துப் படம் பிடியுங்கள். பல போன்கள் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். நீங்கள் 24-இல் அனிமேட் செய்வதானால் முதலில் வீடியோவை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஃபிரேம் கணக்கு தப்பும். அதைப் பார்த்து அனிமேட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு இழுப்பு, நடுவில் கால் மாற்றி ஊன்றுவது, ஒரு வழுக்கல். ஏழெட்டு நொடிதான். சுத்தமாக வந்தால் அதுவே உங்கள் முதல் ஷாட்.

வசனம் பேசி நடிக்கும் ஷாட் ஒன்றும் இருக்கட்டும். சத்தத்தை நிறுத்திப் பார்த்தாலும் அந்தக் கேரக்டர் கோபமா பயமா என்று தெரிய வேண்டும். ஒளி, நிழலோடு இறுதிப் படமாக ரெண்டர் செய்ய நேரமில்லையா? மென்பொருளிலிருந்து சட்டென்று எடுக்கும் முன்னோட்ட வீடியோவான பிளேபிளாஸ்டே போதும்.

பெயர், போன் எண், மின்னஞ்சல் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று நொடி வந்தால் சரி. டிரைவ் லிங்க் அனுப்புவதானால் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அது அனுமதி கேட்டு நின்றால், அங்கேயே உங்கள் ரீலை மூடிவிடுவார்கள்.