ஆசானின் கால்

அன்புள்ள ஐயா,

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். வயது 26, எம்.காம். முடித்திருக்கிறேன். கார் லைசென்ஸுக்கு இரண்டு முறை போய் இரண்டு முறையும் 'எச்'சில், அதாவது நட்ட கம்பிகளுக்கு நடுவே H வடிவில் ஓட்டிக் காட்டும் தேர்வில், தோற்றேன். பயிற்சியில் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் இடதுகால் வெடவெடக்கிறது, வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. மூன்றாவது முறையும் தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டுமாம். 'பொம்பளைக்கு ரிவர்ஸ் வராது, விடு' என்கிறார் மாமா. அடுத்த மாதம் பாலக்காட்டில் ஒரு நிதி நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. மலையாளத்தில் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோழி ஒருத்தி மேடைப் பயத்துக்கு அவள் போடும் மாத்திரையைத் தந்திருக்கிறாள். போடலாமா? எனக்கு இருப்பது ஆங்ஸைட்டி நோயா? மனதை எப்படிப் பழக்குவது?

ச.

அன்புள்ள ச.,

மாத்திரையை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயரை எழுதவில்லை, மேடைப் பயத்துக்கு என்றால் பெரும்பாலும் புரொப்ரனலாலாக இருக்கும். நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், உண்மைதான். ஆஸ்துமா உள்ளவருக்கு அதே மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவருக்குத் தலை சுற்றும். டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து. தூக்கம் வரவைக்கும் வகையாக இருந்தால் இன்னும் மோசம். மருந்தின் மயக்கத்தில் வண்டி ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் குற்றம்தான். எம்.காம். படித்துவிட்டு அடுத்தவர் மருந்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வீர்களா?

மாமாவை விடுங்கள். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்புறம் இடப்பக்கம் போகும். ஒடித்தது ஆணா பெண்ணா என்று அதற்குத் தெரியாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: 'பயிற்சியில் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை.' கொஞ்ச நாளாகவே இது என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம். தோற்றவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் பழியை மனதின்மேல் போடுகிறார்கள். சரி, பயிற்சியில் கிளட்சை மிதித்தது யார்?

டிரைவிங் ஸ்கூல் காரில் ஆசான் உட்காரும் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. கம்பியோ கேபிளோ இரண்டு பக்கத்துப் பெடலையும் இணைத்திருக்கும். அவர் மிதித்தால் உங்கள் பெடலும் பாதத்துக்கு அடியிலிருந்து தானாக நழுவிக் கீழே போகும். அந்த நழுவலை நீங்கள் கட்டாயம் உணர்ந்திருப்பீர்கள், நம் கால்தான் அழுத்தியது என்றும் நம்பியிருப்பீர்கள். ஆசானைக் குறை சொல்லி என்ன? வரிசையில் ஆள் நிற்கும்போது ஒவ்வொருவரும் வண்டியை ஆஃப் பண்ணிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொழுது போதாது. அதனால் வாயால் 'லெஃப்ட் ஒடி, ஒடி, நேராக்கு' என்று சொல்லிக்கொண்டே காலால் அவர் ஓட்டுகிறார். நீங்கள் ஸ்டியரிங் சுற்றுகிறீர்கள். டெஸ்ட் அன்று அந்தக் கால் வண்டியில் இல்லை. பாதி வண்டி மட்டும் ஓட்டத் தெரிந்தவரை முழு வண்டியில் உட்கார வைத்தால் கால் நடுங்காமல் என்ன செய்யும்?

ஆகவே மனதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் காலைப் பழக்குங்கள். அடுத்த வகுப்பில் ஆசானிடம் தைரியமாகச் சொல்லுங்கள்: 'அரை மணி நேரம் உங்கள் காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.' முகம் சுளிப்பார், சுளிக்கட்டும், ஃபீஸ் கட்டியிருக்கிறீர்கள். சமதளமான மைதானம், ஏசி அணைத்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே கூடாது. முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்துக் குறையும், பானெட் லேசாகத் தூக்கிக் கொடுக்கும். கிளட்ச் கடிக்கும் இடம் அதுதான். அங்கேயே காலை நிறுத்தி மூன்று எண்ணுங்கள். வண்டி நகரும். கிளட்சை முழுதாக மிதியுங்கள், பிரேக். இப்படி முன்னால் 20 முறை, ரிவர்ஸில் 20 முறை.

அது கைவந்தபின், காரின் நீளம் அளவு தூரத்தை, சின்னக் காரென்றால் சுமார் மூன்றரை மீட்டர், 10 விநாடியில் ஊர்ந்து கடந்து பாருங்கள். கடிக்கும் இடத்திலிருந்து காலை ஒரு நூல் இறக்கி ஏற்றினால்தான் அந்த வேகம் கிடைக்கும். கருகல் வாடை வந்தால் கிளட்ச் சூடாகிவிட்டது. ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். இடையில் வண்டி ஆஃப் ஆனால் நல்லது. ஆஃப் ஆன வண்டியை மிதி, நியூட்ரல், ஸ்டார்ட், கியர் என்று பதறாமல் எடுக்கப் பழகாதவர்தான் டெஸ்டில் அழுகிறார். டீசலில் பழகிவிட்டுச் சின்ன பெட்ரோல் காரில் டெஸ்டுக்குப் போகாதீர்கள். டீசல் கிளட்ச் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், பெட்ரோல் சட்டென்று நின்றுவிடும்.

நடுக்கத்துக்கு இன்னொரு காரணம் சீட். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் கால் நீண்டு, பாதம் அந்தரத்தில் நிற்கும். பாதி மிதித்த பெடலை அந்தரத்தில் தாங்கும் தசை சும்மா இருக்கும்போதே களைத்து ஆடும். அட்ரினலினும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னே இழுங்கள். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள், வழுக்கும் செருப்பு வேண்டாம்.

'இரண்டாவது கம்பி ஜன்னல் ஓரத்துக்கு வந்ததும் ஒண்ணரைச் சுற்று ஒடி' என்று ஆசான்கள் சொல்லித் தரும் கணக்கும் இங்கேதான் கவிழ்கிறது. உங்களுக்கு முன்னால் டெஸ்ட் கொடுத்தவர் சீட்டை ஒரு பல் நகர்த்தியிருந்தால் கம்பி ஜன்னலில் வேறு நேரத்தில் தெரியும். கணக்கு போச்சு, உங்கள் உயிரும் போச்சு. கம்பியை விட்டுவிட்டுச் சக்கரத்தை மனதில் வையுங்கள். ரிவர்ஸில் பின்சக்கரம் உள்மூலையை எட்டும்போது ஒடிக்கத் தொடங்குங்கள். உடனே வண்டியின் முன்மூக்கு எதிர்ப்பக்கம் வெளியே வீசும். கம்பியைத் தட்டுவது பெரும்பாலும் அந்த மூக்குதான், ஆனால் எல்லாரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னால் போகும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டும், அங்கே கொஞ்சம் தாமதித்து ஒடியுங்கள். ஒடித்த சுற்று எத்தனையோ அத்தனை சுற்று திரும்பக் கொடுத்தால்தான் சக்கரம் நேராகும்.

டெஸ்டில் ஏறி உட்கார்ந்ததும் அவசரப்படாதீர்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, தேர்வில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் கண்ணாடியைச் சரிசெய்வதில்தான் தொடங்குகிறது. சீட், மூன்று கண்ணாடி, பெல்ட், கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக். இதற்கு ஆகும் அரை நிமிடம் உங்கள் உரிமை. அந்த அரை நிமிடத்தில் நாலு எண்ணி மூச்சை இழுத்து எட்டு எண்ணி விடுங்கள், மூன்று நான்கு தடவை. பிறகு ஓட்டும்போது செய்வதை வாய்க்குள் முணுமுணுங்கள்: 'மெல்ல விடு, லெஃப்ட், நேராக்கு.' ரிவர்ஸில் பலர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பேசுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லி, ஒரே ஒரு டீ, தண்ணீர். பாலக்காட்டு வெயிலில் நின்றுகொண்டு முன்னால் போகிறவர் கம்பியைத் தட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பதைவிட மூடத்தனம் கிடையாது; மைதானத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சுற்றி நிற்பவர்கள் 'டென்ஷன் ஆகாதே' என்பார்கள், காதில் வாங்காதீர்கள். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கோ பேசுவதற்கோ முன்னால் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்கப் போராடுவதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

60 நாள் என்று கேட்டது சரிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம், மூன்று முறை தோற்றால் 60 நாள். யாரும் ஊரைவிட்டுத் தள்ளிவைக்க மாட்டார்கள். லேர்னர்ஸ் 6 மாதம்தான் செல்லும், அந்தத் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் பழகும்வரை ஸ்லாட் எடுக்க வேண்டாம்.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். டெஸ்டும் இன்டர்வியூவும் இல்லாத நாட்களிலும் படபடப்பு வருகிறது, வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். டெஸ்ட் மைதானத்தில் மட்டும் கால் நடுங்கினால் மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

நேர்முகத் தேர்வை மறந்தே போனேன். அங்கேயும் யாரோ எழுதிக் கொடுத்த 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' பதிலை மனப்பாடம் பண்ணாதீர்கள், நடுவில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நின்றுவிடும். மூன்று குறிப்பு போதும்: என்ன படித்தேன், என்ன கணக்கு வேலை தெரியும், ஏன் இந்த வேலை. ஒன்றரை நிமிடத்துக்குள் மலையாளத்தில் பேசி ஃபோனில் பதிவு செய்யுங்கள், தினம் இரண்டு தடவை. ஒரு முறையாவது மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள்; மாமாவையே உட்கார வைக்கலாம், உபயோகமாக இருக்கட்டும். கேள்வி புரியாவிட்டால் 'ஒன்னுகூடி பறயாமோ' (இன்னொரு முறை சொல்ல முடியுமா) என்று கேளுங்கள். உங்கள் சித்தூர்த் தாலுக்காவில் தமிழ் கலந்து மலையாளம் பேசுவது பாலக்காட்டில் யாருக்கும் புதிதில்லை.